எரித்த ஏடும் எரியாத நினைவும்
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



ஒரு நாட்டை வெல்வதற்குப் படை போதும். வென்ற நாட்டை நெடுங்காலம் ஆள்வதற்கு அப்படை போதாது. 'இவ்வாட்சி நல்லாட்சி, இவ்வாட்சியாளர் நம்மினும் மேலோர்' என்னும் எண்ணம் ஆளப்படுவோர் நெஞ்சில் ஊன்றப்பெறல் வேண்டும், ஆள்வோர் நாட்டுப் பொதுமக்கள் நெஞ்சிலும் அவ்வாறே ஊன்றப்பெறல் வேண்டும். அவ்வெண்ணத்தை ஊன்றும் கருவியே வரலாறு. கொடி இறங்கிய பின்னும், படை கப்பலேறிய பின்னும், அக்கருவி மட்டும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவேதான் பழைய செய்திகளைப் பற்றிப் பொதுமன்றத்தில் எழும் வழக்காடல் வெறும் பழங்கதைப் பேச்சாக முடிவதில்லை. மேலை வல்லரசுகளை உலகம் எக்கண்கொண்டு காண்பது என்பதை முடிவுசெய்யும் போராட்டமே அது. இதனைத் தெளிவுறக் காட்டுவதற்குக் கென்யா நாட்டு வரலாற்றினும் சிறந்த சான்று வேறொன்றில்லை.

கீழை ஆப்பிரிக்காவிலுள்ள அந்நாடு 1895-இல் பிரித்தானியரின் காப்பாட்சிக்குள் வந்தது. 1920-இல் முழுமையான குடியேற்ற நாடாக்கப்பட்டது. அதன் நடுவண் மேட்டுநிலம் குளிர்ச்சியும் செழிப்பும் மிக்கது. அந்நிலத்தின் சிறந்த பகுதிகள் 'வெள்ளையர் மேட்டுநிலம்' என்னும் பெயரால் ஐரோப்பியக் குடியேறிகட்கே ஒதுக்கப்பட்டன. வழிவழியாக அம்மண்ணை உழுதவன் அதே மண்ணில் கூலியாளானான். பதினாறு அகவை நிரம்பிய ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவனும் 'கிப்பாண்டே' என்னும் பதிவுத்தாளைத் தன்னோடு வைத்திருத்தல் வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டது. அத்தாளைச் சிறு தகரச் சிமிழிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தனர் அம்மக்கள். மாட்டின் கழுத்தில் மணி. மாந்தன் கழுத்தில் சிமிழ்! மண்ணையிழந்து மானத்தையும் இழந்த மக்கள் எத்துணைக் காலம் பொறுத்திருப்பர்?

பொறுமை இழந்தோர் காடு புகுந்தனர். அவருட் பெரும்பாலோர் கிக்குயு இனத்தார். 1952-ஆம் ஆண்டு அக்தோபர் 20-ஆம் நாள் ஆளுநர் எவலின் பேரிங் நெருக்கடிநிலையை அறிவித்தார். அந்நிலை 1960 வரை நீடித்தது. காடு புகுந்த மறவர் தம் படைக்கு 'நில விடுதலைப் படை' என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். ஆயின் உலகம் அறிந்த பெயரோ 'மௌ மௌ' என்பது. பொருள் விளங்காத இவ்வொலியே இலண்டன் நாளிதழ்களில் நாள்தோறும் முழங்கிற்று. இரவில் உறுதிமொழி ஏற்கும் காட்டாளர், குருதிவெறி பிடித்த கூட்டத்தார் என்றே அம்மக்கள் தீட்டிக் காட்டப்பெற்றனர்.

இங்கு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. 'நில விடுதலைப் படை' என்று சொன்னால், கேட்பவன், "எந்த நிலம்? யாரிடமிருந்து விடுதலை?" என்று வினவுவான். 'மௌ மௌ' என்று சொன்னால் அவ்வினாவே எழாது. பெயரை மாற்றியதனால் வழக்கே மாறிப் போயிற்று. நிலத்தைப் பறிகொடுத்தவன் குற்றவாளியாகவும், பறித்தவன் காவலனாகவும் ஆயினர். சொல்லை ஆள்பவன் நாட்டை ஆள்பவனைவிட வலியவன் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நடுநிலை பிறழாமல் ஒன்று கூறல் வேண்டும். மறவர் தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. 1953 மார்ச்சு 26-ஆம் நாளிரவு இலாரி என்னும் ஊரில், ஆட்சியாளர்க்குத் துணைநின்றோரின் குடும்பத்தார், பெண்டிரும் குழந்தைகளுமாக எழுபதின்மர்க்கு மேற்பட்டோர், வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். அதனை மறைப்பதும் வரலாற்றுப் பொய்யே. அதன் பின்னர்ப் பழிவாங்கப் புறப்பட்ட அரசுச் சார்பினர் கொன்றோர் தொகையும் பெரிது. ஆயின் இலாரியைப் பற்றி அன்றே உலகெங்கும் படத்துடன் செய்தி பரப்பிய ஆட்சியாளர், தம் கைப்பட நிகழ்ந்தவற்றைப் பற்றி ஒருவரியும் வெளிவராமற் காத்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அக்கணக்கு என்ன? நெருக்கடிநிலைக் காலத்தில் கொல்லப்பட்ட ஐரோப்பியக் குடியேறிகள் 32 பேர். போரிற் கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர் பதினோராயிரவர்க்கு மேற்பட்டோர் என்பது ஆட்சியாளரே ஒப்பிய தொகை. தூக்கிலிடப்பட்டோர் 1,090 பேர் என்று வரலாற்றறிஞர் தேவிட்டு ஆண்டர்சன் வழக்குக் கட்டுகளைத் துருவி எண்ணிக் காட்டினார். வழக்கு உசாவலே இன்றித் தடுப்புப் பாசறைகளில் அடைக்கப்பட்டோர் பல்லாயிரவர். பத்து இலக்கம் அளவிலான மக்கள் தத்தம் வீடுகளினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டு, முள்வேலியும் அகழியும் சூழ்ந்த அடைப்பூர்களிற் குடியமர்த்தப்பட்டனர். காட்டு மறவரின் தலைவர்களுள் ஒருவரான தேடான் கிமாத்தி 1957 பிப்பிரவரி 18-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் உடலும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படவில்லை.

பாசறைகளில் நிகழ்ந்தவற்றை ஆள்வோர் அறியாதிருந்தனர் எனக் கூறுதல் இயலாது. 1957 சூன் திங்களில், குடியேற்ற அரசின் தலைமை வழக்குரைஞர் ஆளுநர்க்கு ஒரு மடல் வரைந்தார். தீவினை செய்துதான் ஆகவேண்டுமெனில் அதனை ஓசையின்றிச் செய்தல் வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. சட்டம் காக்க அமர்த்தப்பட்டவர், சட்டத்தை மீறுவதற்கு ஓசைபடாத வழியை நாடுகின்றார்! அம்மடல் அன்று வெளிவந்திருப்பின் அவ்வாட்சி ஒரு திங்களேனும் நிலைத்திருக்குமா?

ஓசை ஒருநாள் எழுந்தது. 1959 மார்ச்சு 3-ஆம் நாள் ஓலா என்னும் பாசறையில், வேலைசெய்ய மறுத்த சிறையாளர் பதினொருவர் அடித்தே கொல்லப்பட்டனர். வண்டியிற் கொணர்ந்த தண்ணீரைக் குடித்தமையால் இறந்தனர் என்று அரசு முதலில் அறிவித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அம்முயற்சி, உடற்கூற்று ஆய்வில் வெளிப்பட்டது. அவ்வாண்டு சூலை 27-ஆம் நாளிரவு இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வழக்காடல் நிகழ்ந்தது. ஆளுங்கட்சியைச் சார்ந்த ஈனாக்கு பவல் என்பவரே எழுந்து, ஆப்பிரிக்காவுக்கு ஓர் அளவுகோலும் தாய்நாட்டுக்கு ஓர் அளவுகோலும் வைத்துக்கொள்ளுதல் தகாது என இடித்துரைத்தார். வந்தேறிகளை வெறுத்து 1968-இல் உரையாற்றிப் பெயர்கெட்டவரும் அவரே. அத்தகையவராலும் பொறுக்கவியலாத கொடுமையாக ஓலா இருந்தது. அவ்வொரு வழக்காடல், குடியேற்ற ஆட்சியே அறத்தின் ஆட்சி என நம்பியிருந்த ஆங்கில மக்கள் பலருடைய நெஞ்சில் முதற்கீறலை உண்டாக்கிற்று. 1963 திசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றது.

விடுதலை வந்தது, வரலாறு வரவில்லை. ஏன் வரவில்லை?

1961-இல் இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டமைச்சர் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார். விடுதலைபெறும் நாடுகளின் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கத்தகாத தாள்கள் இவையிவை என்று அது வகுத்தது. பிரித்தானிய அரசுக்குத் தலைக்குனிவை உண்டாக்குபவை, காவலர்க்கும் படைஞர்க்கும் அலுவலர்க்கும் உளவு சொன்னோர்க்கும் இடர் விளைப்பவை ஆகியன அவற்றுட் சில. அத்தாள்களைத் தொடுவதற்கும் ஐரோப்பிய வழிவந்த அலுவலரே தகுதியுடையவர் என்று வரையறுக்கப்பட்டது. எரிப்பதாயின் சாம்பலையும் கிளறிப் பொடியாக்கல் வேண்டும். கடலில் எறிவதாயின் எடைகட்டிய பெட்டியிலிட்டுக் கரைக்கு நெடுந்தொலைவில், நீரோட்டமற்ற ஆழ்கடலில் அமிழ்த்தல் வேண்டும் என்பன அலுவலர்க்கு வழங்கப்பட்ட நெறிமுறைகள். உள்ளத்தில் மாசில்லாதவன் சாம்பலையும் அஞ்சுவானோ?

இக்கொளுத்துவேலை கென்யாவோடு நிற்கவில்லை. அதற்கு முன்னரே, 1957-இல் மலாயா விடுதலைபெற்ற காலை, கோலாலம்பூரிலிருந்து ஐந்து சரக்குந்துகளில் தாள்கட்டுகள் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குள்ள எரியுலையில் இடப்பட்டன. இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் தம் குருதியை வியர்வையாக்கி உழைத்த நாடு அது.

எரிந்தவை போக, எஞ்சியவற்றுள் கமுக்கமானவை வானூர்தியிலும் கப்பலிலும் இங்கிலாந்துக்குச் சென்றன. அவை அங்கிருக்கும் செய்தியே அரை நூற்றாண்டுக் காலம் உலகுக்கு அறிவிக்கப்படவில்லை.

இந்நிலையில் 2005-ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. பிரித்தானியாவின் நிதியமைச்சராயிருந்த கார்டன் பிரவுன் கீழை ஆப்பிரிக்காவில் நின்றுகொண்டே, குடியேற்ற ஆட்சிக்காகப் பிரித்தானியா மன்னிப்புக் கேட்கவேண்டிய காலம் கடந்துவிட்டது என்று பேசினார். அவ்வாண்டிலேயே ஆண்டர்சனின் நூலும், அமெரிக்கப் பேராசிரியர் கரோலின் எல்கின்சு எழுதிய நூலும் வெளிவந்தன. எல்கின்சு அம்மையார் கென்யச் சிற்றூர்களில் அலைந்து, பாசறைகளில் வதைபட்டு எஞ்சிய முதியோர் நூற்றுக்கணக்கானவரின் வாய்ச்சான்றைத் திரட்டியிருந்தார். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. எழுத்தறியாக் கிழவியரின் பேச்சு வரலாறாகுமா? தாள் எங்கே? கையெழுத்து எங்கே? என்று வினவினர். தாளை எரித்தவர் நாட்டிலிருந்தே "தாள் எங்கே?" என்னும் வினா எழுந்தது!

2009-இல் கென்ய முதியோர் ஐவர் இலண்டன் உயர் அறமன்றத்தில் பிரித்தானிய அரசின்மேல் வழக்குத் தொடுத்தனர். ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவையேறிய கண்ணகியைத் தமிழர் அறிவர். இம்முதியோர் கையிற் சிலம்பில்லை. உடலிலுள்ள வடுவே சான்று. ஆணுறுப்புச் சிதைக்கப்பட்டவர், மானங்கெடுக்கப்பட்ட பெண்டிர், ஓலாவில் பிணக்குவியலிடையே உயிரோடு கிடந்தவர் ஆகியோர் எண்பது அகவையை நெருங்கிய நிலையில் நாவெடுத்து அனைத்தையும் உலகறியச் சொன்னார்கள். தீர்ப்பைக் காணாமலே அவருள் ஒருவர் மறைந்தார்.

அரசு முன்வைத்த முதல் வாதம் வியப்பிற்குரியது. 1963-இல் ஆட்சியை ஒப்படைத்தபோதே குற்றப்பொறுப்பையும் கென்ய அரசுக்கே ஒப்படைத்துவிட்டோம் என்பது அது. அடித்தவன் போய்விட்டான், அடிபட்டவனே கணக்குத் தீர்க்கவேண்டும்! 2011 சூலையில் நடுவர் மக்கோம்பு இவ்வாதத்தைத் தள்ளினார். அதற்கு முன்னரே, அவ்வாண்டுத் தொடக்கத்தில், வரலாற்றறிஞரின் விடாப்பிடியான வினாக்களால் உண்மை வெளிவந்துவிட்டது. ஆன்சுலோப்பு பார்க்கு என்னும் அரசுக் காப்பகத்தில் கென்யாவைச் சார்ந்த ஏறத்தாழ 1,500 கோப்புகள் இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டது. அவற்றோடு மேலும் முப்பத்தேழு நாடுகளளவில் 8,800 கோப்புகள் அங்கு உறங்கிக்கொண்டிருந்தன. இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றின் கோப்புகளும் அவற்றுள் அடங்கும்.

அக்கோப்புகளைத் திறந்தபோது, கிழவியர் வாய்ச்சொல்லும் அலுவலர் கைச்சாத்தும் ஒத்துநின்றன. நெடுங்காலம் கடந்துவிட்டது, இனி நடுநிலையான உசாவல் இயலாது என்பது அரசின் அடுத்த வாதம். 2012 அக்தோபர் 5-ஆம் நாள் நடுவர் அதனையும் மறுத்தார். ஆவணங்கள் நிரம்பவுள்ளன, ஆகவே உசாவல் இயலும் என்றார். மறைத்துவைத்த ஏடே மறைத்தவனுக்கு எதிராகக் கரி கூறிற்று. அவ்வழக்கின்போதே, முதியோர் கொடுவதைக்கு ஆளானதைத் தாம் மறுக்கவில்லை என்று அரசின் வழக்குரைஞரும் கூறவேண்டியதாயிற்று.

2013 சூன் 6-ஆம் நாள் அயலுறவு அமைச்சர் வில்லியம் ஏகு நாடாளுமன்றத்தில் எழுந்து, கென்யர் கொடுவதைக்கு உள்ளாக்கப்பட்டதை அரசு ஏற்பதாகவும் அதற்கு வருந்துவதாகவும் அறிவித்தார். 5,228 பேர் தொடர்பாக, வழக்குச் செலவும் உட்பட, 1 கோடியே 99 இலக்கம் பவுன் வழங்கப்பெற்றது. 2015 செப்டம்பரில் நைரோபியின் உகுரு பூங்காவில், பிரித்தானிய அரசின் பொருட்கொடையால், வதைபட்டோர்க்கு நினைவகம் திறக்கப்பெற்றது. 'உகுரு' என்பதன் பொருள் விடுதலை.

இதனை முழுவெற்றி என்று கொண்டாடுவதற்கில்லை. வருத்தம் தெரிவித்த அதே மூச்சில், சட்டப்பொறுப்பை ஏற்பதற்கில்லை என்றும் அரசு கூறிற்று. நாற்பதாயிரம் பேர் தொடுத்த மற்றொரு வழக்கு 2018-இல், காலங்கடந்ததென்று தள்ளப்பட்டது. 2023 அக்தோபர் இறுதியில் நைரோபி சென்ற மன்னர் சார்லசு, அக்கொடுமைகட்குச் சாக்கு எதுவுமில்லை எனக் கூறினார்; ஆயின் மன்னிப்பு என்னும் சொல்லைக் கூறினாரல்லர். வருத்தம் என்பது நெஞ்சின் நிலை. மன்னிப்புக் கேட்டல் என்பது குற்றத்தை ஏற்கும் செயல். இவ்விரு சொற்கட்கும் இடைப்பட்ட அந்த ஒரு முழத் தொலைவிலேயே மேலை வல்லாண்மையின் எஞ்சிய செருக்கு நிற்கின்றது. சொல்லின் அருமை அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, இவ்வழக்காடல்களின் பயன் யாது? 2014-இல் யூகவ் என்னும் கருத்தாய்வு நிறுவனம் பிரித்தானியப் பேரரசைப் பற்றி ஆங்கில நாட்டு மக்களை வினவியபோது, அது பெருமைக்குரியது என்றோர் நூற்றுக்கு 59 பேர். நாணத்தக்கது என்றோர் 19 பேர். 2019-இல் மீண்டும் வினவியபோது, பெருமை என்றோர் 32 பேராகக் குறைந்தனர். நாணம் என்றோர் அதே 19 பேர். இரண்டுமில்லை என்றோர் 37 பேர். இரண்டாம் முறை 'இரண்டுமில்லை' என்னும் விடைக்கு இடமளித்தமையால் இரு கணக்கையும் நேர்க்குநேர் ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும் ஒன்று தெளிவு. ஐயத்திற்கு இடங்கொடுத்தவுடன் பெருமையினின்றும் விலகி நிற்கப் பலர் ஆயத்தமாயிருந்தனர். நாணத்தை நோக்கி நகர்ந்தோர் இலர். வரலாற்று வழக்காடல் முதலில் செய்வது பெருமையைக் கரைத்தலே. குற்றவுணர்வை ஊட்டுதல் அதனினும் நீண்ட பணி.

மற்றொரு படிப்பினையும் உண்டு. மறைத்தவரும் மேலையர், தோண்டியெடுத்த அறிஞர் இருவரும் மேலையர், தீர்ப்புரைத்த நடுவரும் மேலையர். ஆகவே மேலை வல்லாண்மை வேறு, மேலை மக்கள் வேறு. பகைக்கத்தக்கது முன்னது. பின்னவருள் அறவுணர்வுடையாரைத் தேடித் துணைக்கொள்ளுதல் அறிவுடைமை. வசைமொழி அவ்வறவுணர்வை எழுப்பாது, சான்றே எழுப்பும்.

குற்றம் வெளியார் மேல் மட்டுமன்று. விடுதலைக் கென்யாவின் முதல் தலைவரான சோமோ கென்யாட்டா, மறப்போம், மன்னிப்போம் என்று மக்களை அமைதிப்படுத்தினார். நிலத்துக்காகப் போரிட்டோர் பலர் நிலமின்றியே மாண்டனர். வெள்ளையர் விதித்த 'மௌ மௌ' தடை, கறுப்பர் ஆட்சியிலும் நாற்பதாண்டு நீடித்து, 2003-இல்தான் நீக்கப்பட்டது. 2007-இல்தான் கிமாத்திக்கு நைரோபியில் சிலை எழுந்தது. தன் மறவரைத் தானே குற்றவாளியென எழுதிவைத்த நாடு, அயலானிடம் நயன்மை கேட்பது எங்ஙனம்?

இம்மறதிக்கு எதிராக நின்றவர் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. 1938-இல் இலிமுரு அருகே பிறந்தவர். அண்ணன் காட்டு மறவருடன் சேர்ந்தவர். பள்ளியினின்றும் விடுமுறைக்குத் திரும்பிய இளைஞர், தம் ஊரே இடித்து நிரவப்பட்டிருக்கக் கண்டவர். கிக்குயு மொழி பேசிய மாணவர் ஒறுக்கப்பட்ட கல்விமுறையில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றார். பின்னர், 1977-இல் தம் ஊர் உழவரையும் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு கிக்குயு மொழியில் ஒரு நாடகம் நடத்தினார். ஆங்கில நூல்களைப் பொறுத்திருந்த அரசு, தாய்மொழி நாடகத்தைப் பொறுக்கவில்லை; அவ்வாண்டு திசம்பர் 31-ஆம் நாள் அவரைச் சிறையிட்டது. சிறையில் கழிப்பறைத் தாளிலே கிக்குயு மொழியில் ஒரு புதினத்தை எழுதி முடித்தார். 2025 மே 28-ஆம் நாள் அவர் மறைந்தார். ஆங்கிலத்தில் எழுதியவரை உலகம் பாராட்டும். தாய்மொழியில் எழுதியவரையே ஆள்வோர் அஞ்சுவர். உழவனுக்கு விளங்கும் மொழியில் வரலாறு எழுதப்படும்போதுதான் அஃது உழவன் கைப்படைக்கலனாகும்.

அவையோரே! இலண்டன் அறமன்றத்தில் வென்றது எது? எரியாமல் எஞ்சிய தாள்மட்டுமன்று. மறவாமல் எஞ்சிய நெஞ்சும் ஆகும். அம்முதியோர் வாய்திறந்திராவிடின் அக்கோப்புகளைத் தேடுவார் யார்? மலாயாத் தோட்டத்திலும் இலங்கை மலைநாட்டிலும் உழைத்துத் திரும்பிய முதியோர் தமிழகத்துச் சிற்றூர்தோறும் இருந்தனர். இன்றும் சிலர் உளர். அவர் பட்டதை அவர் மொழியிலேயே, ஊரும் பெயரும் ஆண்டும் குறித்து, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்தல் ஒவ்வோர் இளைஞனும் ஏற்கவேண்டிய கடமை. கூட்டி எழுதிய ஒரு வரி, உண்மையான நூறு வரிகளையும் பொய்யாக்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

தாளை எரிக்கலாம், சாம்பலைக் கிளறலாம், பெட்டியிற் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்தலாம். தன் மொழியில் தன் வரலாற்றைச் சொல்லத் துணிந்த ஒரு கிழவியின் நாவை எந்தப் பேரரசும் அமிழ்த்தவியலாது. அந்நா அசையும் வரை கேட்டு எழுதிக்கொள்வோமாக.